நண்டு வண்டி செய்வோம்!

வீட்டில் காலியான பற்பசைப் பெட்டி இருக்கிறதா? அறுந்துபோன ரப்பர் செருப்பு? இரண்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த வாரம் நாம் ஒரு பீரங்கி வண்டி செய்யப் போகிறோம். கடையில் விற்கும் பொம்மை அல்ல. வேறொரு கிரகத்தின் மணலில் ஓடும் வண்டி!

நான் காரைக்காலுக்குப் பக்கத்தில், கிளிஞ்சல்மேடு என்ற மீனவக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லை! போன கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன். டென்மார்க் நாட்டுக்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்குள்ள பழைய இரும்புப் பீரங்கிகளைத் தொட்டுப் பார்த்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். அது அசையவே இல்லை.

"டீச்சர், சண்டை வேற எடத்துல நடந்தா இத எப்புடி தூக்கிட்டுப் போவாங்க?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகம் முழுவதும் பொறியாளர்கள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள்.

ஆவடியில் பிறந்த கவண்

முன்பெல்லாம் மாடுகளும் குதிரைகளும் யானைகளும் பீரங்கியை இழுத்தன. பிறகு லாரி இழுத்தது. ஆனால் சாலை இல்லாத பாலைவனத்தில் லாரி என்ன செய்யும்? 'பீரங்கியை இழுத்துப் போவதை விட, பீரங்கிக்கே கால் வைத்துவிட்டால் என்ன?' என்ற யோசனை வந்தது. அப்படிப் பிறந்ததுதான் தானே நகரும் பீரங்கி.

நம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கிருந்து 1965-ல் 'விஜயந்தா' என்ற டாங்கி வெளியே வந்தது. நம் ராணுவத்திடம் ரஷ்யாவில் வடிவமைத்த 130 மில்லி மீட்டர் பீரங்கியும் இருந்தது. அதன் குண்டு ஒன்றின் எடை 33 கிலோவுக்கு மேல். அது 27 கிலோ மீட்டர் தூரம் போய் விழும்!

நம் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விஜயந்தாவின் மேல் பகுதியை எடுத்துவிட்டார்கள். அடிப்பகுதியைக் கொஞ்சம் நீளமாக்கினார்கள். அதன் மேல் அந்த 130 மில்லி மீட்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். ஒரு வண்டியின் உடல், இன்னொன்றின் தலை! அதற்கு வைத்த பெயர் 'கேட்டபல்ட்'. தமிழில் சொன்னால், கவண். நீங்கள் மாங்காய் அடிக்கிறீர்களே, அதே கவண்தான்! விஜயந்தா டாங்கிகள் ஓய்வு பெற்றுவிட்டன. ஆனால் கையில் இருப்பதை வைத்தே புதியதைச் செய்யும் அந்த யோசனைக்கு ஓய்வே கிடையாது. நாமும் இன்று அதைத்தான் செய்யப் போகிறோம்.

கதை முந்தியது, வண்டி பிந்தியது

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். எச். ஜி. வெல்ஸ் என்று ஓர் ஆங்கில எழுத்தாளர் இருந்தார். செவ்வாய்க் கிரகவாசிகள் மூன்று கால் இயந்திரங்களில் ஏறி வந்து பூமியைத் தாக்கும் கதையை 1898-ல் நூலாக வெளியிட்டவர் அவர்தான். 1903-ல், 'தரையில் ஓடும் இரும்புக் கப்பல்கள்' போரிடுவதாக ஒரு சிறுகதை எழுதினார். அப்போது டாங்கி என்ற ஒன்றே உலகில் இல்லை! பிரான்ஸ் நாட்டில் நடந்த சோம் போரில் டாங்கி முதன் முதலாகப் போருக்குப் போனது 1916 செப்டம்பர் 15-ம் தேதி. கதை 13 வருடம் முந்திக்கொண்டது!

அந்த வெல்ஸ் பெரிய விளையாட்டுப் பிள்ளையும்கூட. தரையில் படுத்துக்கொண்டு பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாடுவார். கட்டைகள்தான் வீடுகள். வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கி சின்ன மரத்துண்டைச் சுடும். அந்த விளையாட்டின் விதிகளை 1913-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இன்று உலகம் முழுவதும் மேசை மேல் விளையாடும் போர் விளையாட்டுகளுக்கு அந்தப் புத்தகம் ஒரு முன்னோடி.

இதையெல்லாம் சொன்னதும் கிளிஞ்சல்மேட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "நாமளும் செய்யலாம் டீச்சர்!" என்று குதித்தார்கள். மணல் நிறைந்த ஒரு கிரகம். அங்கே ஒரே ஒரு கிணறு. அதற்காக இரண்டு கூட்டம் சண்டை போடுகிறது. இதுதான் அவர்கள் கட்டிய கதை. கடற்கரையில் ஓடும் நண்டைப் பார்த்து, வண்டிக்கு 'நண்டு வண்டி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

தேவையான பொருட்கள்

பற்பசை அட்டைப் பெட்டி (சுமார் 14 செ.மீ. நீளம்), காலித் தீப்பெட்டி 2, தண்ணீர் பாட்டில் மூடி 6, மை தீர்ந்த ரீஃபில் 3, பழைய சைக்கிள் டியூப், ஐஸ்கிரீம் குச்சி 3, தேய்ந்த பென்சில் (சுமார் 11 செ.மீ.), பழைய காலண்டர் தாள், ரப்பர் பேண்ட், நூல், பசை, ஒட்டும் டேப், ஒரு கை மணல், பழைய ரப்பர் செருப்பு.

முதலில் அளவு. நம் வீரர்களைக் களிமண்ணில் 3 செ.மீ. உயரத்துக்குச் செய்துகொள்ளுங்கள். நிஜத்தில் ஒருவர் உயரம் 150 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நம் உலகம் 50-ல் ஒரு பங்கு. அப்படியானால் 14 செ.மீ. வண்டி நிஜத்தில் 7 மீட்டர் நீளம். இந்த '50' என்ற எண்ணை மறக்காதீர்கள். பிறகு வேலை இருக்கிறது!

செய்முறை

1. பற்பசைப் பெட்டிக்குள், பாலித்தீன் பையில் கட்டிய மணலை வைத்து மூடுங்கள். ஏன் மணல் என்று பிறகு சொல்கிறேன்.

2. மூடிகளின் நடுவில் ஓட்டை போட வேண்டும். இதைப் பெரியவர்களிடம் கொடுங்கள். நீங்கள் ஆணியைத் தொடக்கூடாது! பெட்டியின் அடிப்பக்கம் மூன்று ரீஃபில்களைக் குறுக்கே செருகி, பக்கத்துக்கு மூன்று மூடிகளாக மாட்டுங்கள். சக்கரம் தயார்.

3. சைக்கிள் டியூபில் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். மூன்று மூடிகளையும் சுற்றி வரும் நீளம் வேண்டும். முனைகளை ஊசி நூலால் தைத்து மாட்டினால், டாங்கியின் சங்கிலிப் பட்டை தயார். சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டால் பழைய டியூப் சும்மாவே கிடைக்கும்.

4. இப்போது பீரங்கிக் குழாய். பென்சில் மேல் வெறும் தாளை ஒரு சுற்று சுற்றுங்கள். அதன் மேல் பசை தடவிய காலண்டர் தாளை ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பென்சிலையும் உள்தாளையும் உருவிவிடுங்கள். 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பென்சில் உள்ளே தாராளமாக வழுக்கிப் போய்வர வேண்டும்.

5. பென்சிலின் இரு முனைகளும் மொட்டையாக இருக்கட்டும். ரப்பர் பேண்டின் நடுப்பகுதியைப் பென்சிலின் பின்முனையில் டேப் போட்டு ஒட்டுங்கள். பேண்டின் இரு பக்கங்களையும் குழாயின் இரு பக்கமும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பென்சிலைப் பின்னால் இழுத்து விட்டால், 'டப்' என்று முன்னால் பாயும். பென்சில் குழாயின் வாயைத் தாண்டி வெளியே வரக்கூடாது. வந்தால் பேண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டுங்கள்.

6. குழாயை ஓர் ஐஸ்கிரீம் குச்சி மேல் ஒட்டுங்கள். பெட்டியின் பின்விளிம்பில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து ஒட்டி, அதன் மேல் குச்சியின் பின்முனையை டேப்பால் கீல் போல ஒட்டுங்கள். குழாயின் நடுவில், அடியில் இரண்டாவது தீப்பெட்டியை ஒட்டாமல் வையுங்கள். அதைப் படுக்க வைத்தால் குழாய் நேராக இருக்கும். பக்கவாட்டில் வைத்தால் சுமார் 30 பாகை, நிமிர்த்தி வைத்தால் சுமார் 45 பாகை தூக்கும். பாகைமானியால் அளந்து பாருங்கள்.

7. வண்டியின் பின்மூலைகள் இரண்டிலும் மீதி ஐஸ்கிரீம் குச்சிகளை, முனை மணலில் குத்துமாறு சாய்த்து ஒட்டுங்கள்.

வண்டிக்கு முன்னால் இரண்டு குச்சிக் கண்கள் வைத்தால், நண்டு விழித்துக்கொள்ளும்!

குண்டுக்கு, செருப்பு ரப்பரைக் குழாய்க்குள் நுழையும் அளவுக்குப் பெரியவர்களை வெட்டித் தரச் சொல்லுங்கள். கல், பட்டாணி, குண்டுமணி எதுவும் கூடாது. யார் முகத்துக்கு நேராகவும் வண்டியைத் திருப்பக்கூடாது. இது டீச்சரின் கண்டிப்பான உத்தரவு!

மணல் சொல்லித் தந்த பாடம்

எங்கள் முதல் வண்டிக்குப் பட்டை இல்லை. வெறும் மூடிச் சக்கரம்தான். கடற்கரை மணலில் வைத்ததும் 'பொதக்'கென்று புதைந்துவிட்டது. ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

வண்டியின் எடை 270 கிராம். உருண்டைச் சக்கரம் மணலைத் தொடும் இடம் அரை சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து 3 சதுர செ.மீ. ஆக, ஒரு சதுர செ.மீ. மணல் 90 கிராமைச் சுமக்கிறது. பட்டை மாட்டினால்? 9 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம், இரண்டு பட்டை. மொத்தம் 27 சதுர செ.மீ. இப்போது ஒரு சதுர செ.மீ. சுமப்பது 10 கிராம்தான்! எடை அதேதான். அழுத்தம் மட்டும் ஒன்பதில் ஒரு பங்கு. டாங்கிக்குப் பட்டை இருப்பதன் ரகசியம் இதுதான்.

அடுத்த சிக்கல். பட்டை போட்ட வண்டி சுட்டதும் பின்னால் துள்ளியது. குண்டு முன்னால் போனால் வண்டியைப் பின்னால் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி! பெட்டிக்குள் மணல் வைத்தோம். வண்டி கனத்தது, துள்ளல் குறைந்தது. பின்னால் குச்சி ஊன்றினோம், சுத்தமாக நின்றது. நிஜப் பீரங்கிகளின் வாலிலும் மண்ணில் குத்தி நிற்க மண்வெட்டி போல ஒரு தகடு இருக்கும்.

குழாயை எந்தக் கோணத்தில் வைத்தால் குண்டு அதிக தூரம் போகும்? நான் சொல்ல மாட்டேன். மூன்று கோணத்திலும் ஐந்தைந்து முறை சுட்டு, அளந்து, நோட்டில் எழுதிச் சராசரி எடுங்கள். நீங்களே கண்டுபிடியுங்கள்!

"வூடு வுளுந்தா வெளயாட்டா?"

வண்டிகள் தயார். மணலில் களம் அமைத்தோம். நடுவில் கிணறு. அதைச் சுற்றி ஓர் ஊர். ஊருக்குப் பெயரே கிளிஞ்சல்மேடு என்பதால், வீடுகளும் கிளிஞ்சல்தான்! பெரிய கிளிஞ்சல்களைக் கவிழ்த்து வைத்து இருபது வீடு கட்டினோம். ஒரு முறைக்கு ஒரு சாண் நகரலாம், அல்லது ஒரு தடவை சுடலாம். இரண்டும் செய்யக்கூடாது. எதிரி வண்டியில் குண்டு பட்டால் 5 புள்ளி.

முதல் ஆட்டத்தில் குண்டுகள் ஊர் நடுவில்தான் அதிகம் விழுந்தன. கிளிஞ்சல்கள் சிதறச் சிதறப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "அடி! இன்னொரு வூடு காலி!" என்று ஒரே கூச்சல்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் ஆயா நிமிர்ந்து பார்த்தார். ஆடியவர்களில் ஒருவனின் ஆயாதான். "ஏண்டா, வூடு வுளுந்தா ஒங்களுக்கு வெளயாட்டா இருக்கா?" என்றார். அவ்வளவுதான். மறுபடி வலைக்குக் குனிந்துவிட்டார்.

குழந்தைகளே, 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். காரைக்கால் கரையில் இருந்த மீனவக் கிராமங்களை அது வாரிக்கொண்டு போனது. கிளிஞ்சல்மேடும் அதில் ஒன்று. அந்த ஆயாவுக்கு வீடு விழுவது என்றால் என்னவென்று தெரியும்.

கூச்சல் அடங்கிவிட்டது. பீரங்கி செய்யச் சொல்லித் தந்தவளே நான்தானே! என்ன சொல்வது என்று யோசித்தேன். பிறகு, "வாங்க, ஒரு கணக்குப் போடலாம்" என்றேன்.

900 அடி தூரம்

அந்த '50' நினைவிருக்கிறதா? ஆவடியின் கவண் 27 கிலோ மீட்டர் சுடும். அதாவது 27,000 மீட்டர். கிளிஞ்சல்மேட்டில் இருந்து நாகப்பட்டினமே அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும். அதை 50-ஆல் வகுத்தால் 540 மீட்டர். நம் நண்டு வண்டி நிஜக் கவண் போலச் சுட வேண்டுமானால், அரை கிலோ மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்க வேண்டும்!

உங்கள் காலடி ஒன்று 60 செ.மீ. என்றால், 900 அடி. எல்லோரும் எண்ணிக்கொண்டே கரையோரமாக நடந்தோம். நூறு... முந்நூறு... எழுநூறு... தொள்ளாயிரம்! நின்றோம். வண்டியை மணலில் வைத்தோம்.

"இப்ப திரும்பிப் பாருங்க. நம்ம கிளிஞ்சல் ஊர் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். "தெரியல டீச்சர். படகுதான் சின்னதாத் தெரியுது."

"வீடு எத்தனை இருக்கு, அதுல யார் இருக்காங்கன்னு தெரியுதா?"

யாரும் பதில் பேசவில்லை. "அப்ப நெஜமா சுடுறவங்களுக்கும் தெரியாதா டீச்சர்?" என்று அந்த ஆறாம் வகுப்புப் பையன்தான் மெதுவாகக் கேட்டான்.

"குண்டு விழும் இடத்தை அவர்கள் கண்ணால் பார்ப்பதில்லை. முன்னால் இருப்பவர்கள் பார்த்துச் சொல்வதை வைத்து, வரைபடத்தில் கணக்குப் போட்டுச் சுடுவார்கள். அதனால்தான் கணக்கு தப்பக்கூடாது" என்றேன்.

திரும்பி வரும்போது யாரும் அடி எண்ணவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டே வந்தாள். களத்துக்கு வந்ததும், "டீச்சர், ஒரு விதி சேக்கலாமா? ஒரு கிளிஞ்சல் அசஞ்சாலும் 10 புள்ளி கொறையணும். வண்டிய அடிச்சா 5 தான்" என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஆட்டமே மாறிவிட்டது! முன்பு யார் வேகமாகச் சுடுவது என்று போட்டி. இப்போது எங்கே நின்று, எந்தக் கோணத்தில் சுட்டால் ஊருக்குள் விழாது என்று பார்க்க வேண்டியிருந்தது. பாகைமானியும் அளவுகோலும் இல்லாமல் யாரும் சுடவில்லை. கோணத்தை அளக்க அலுத்துக்கொண்ட பிள்ளைகள்தான் இவர்கள்!

கடைசி ஆட்டத்தில் அந்தப் பையன் 5 புள்ளி பின்தங்கி இருந்தான். அவனுக்கு ஒரு முறை பாக்கி. எதிரி வண்டி நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில். அடித்தால் சமன்! ஆனால் அந்த வண்டியை ஒட்டினாற்போல் இரண்டு கிளிஞ்சல் வீடுகள். மணலில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். தீப்பெட்டியைத் திருப்பி வைத்தான். மறுபடி பார்த்தான். பிறகு பென்சிலில் இருந்து கையை எடுத்துவிட்டான்.

"நான் சுடல டீச்சர்."

5 புள்ளியில் தோற்றான். யாரும் சிரிக்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் இருந்து ஆயா கேட்டார்: "எத்தினி வூடு நிக்கிது?"

"இருவதும் நிக்கிது ஆயா!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

வெல்ஸும் தன் விளையாட்டுப் புத்தகத்தை இப்படித்தான் முடிக்கிறார். பொம்மைப் போரை நன்றாக ஆடிப் பார்த்தவருக்கு நிஜப் போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரியும் என்பது அவர் கருத்து. அவர் அதை எழுதிய மறு வருடமே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது என்பதுதான் சோகம்.

சரி, குழந்தைகளே! பற்பசைப் பெட்டியைத் தேடத் தொடங்கிவிட்டீர்களா? வண்டியைச் செய்து, மூன்று கோணத்திலும் சுட்டு, அட்டவணை போட்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் ஊரில் கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் என்ன? புளியங்கொட்டை, சோழி, கொட்டாங்குச்சி என எது கிடைக்கிறதோ, அதில் ஊரைக் கட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளியை எண்ணுவதற்கு முன், நிற்கும் வீடுகளை எண்ணுங்கள்!